கழிவு 40: கிலோவா, சதவீதமா?

உங்க வீட்டு பீரோவுல இருக்கிற பழைய பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. எங்க ஊர் கச்சிராயபாளையம். தாத்தா நிலம் வாங்கின பத்திரத்துல தென்னாற்காடு மாவட்டம்னு இருக்கு. என் பழைய ஸ்கூல் ஐடி கார்டுல விழுப்புரம் மாவட்டம். தங்கச்சியோட சர்டிபிகேட்டுல கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆனா நிலம் ஒரு அடி கூட நகரல. 1993 செப்டம்பர் 30-ல் தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிஞ்சது. 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிஞ்சது. அவ்வளவுதான்.

இதுக்கும் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? நாலு மாசம் முன்னாடி கேட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது.

எங்க டீம்ல நாலு பேர். என் மாமா கச்சிராயபாளையத்துல மரவள்ளிக்கிழங்கு கமிஷன் மண்டி வெச்சிருக்கார். கல்வராயன் மலையிலிருந்து லோடு வரும். எடைமேடையில போட்டு, கிழங்கோட ஒட்டி வர்ற மண்ணுக்குக் கழிவு கழிச்சு, மிச்ச எடைக்குப் பணம். இதை ஒரு ஆப்பா பண்ணி, மாமா கடை கம்ப்யூட்டர்லயே போட்டுக் கொடுத்தோம். வேலையைப் பிரிச்சுக்க கிட்ஹப் இஷ்யூஸ். எது பாக்கி, யார் பண்றது, எது முடிஞ்சது எல்லாம் அதுல இருக்கும். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ்.

இஷ்யூ 23: "கழிவு கிலோவில் வேண்டாம், சதவீதத்தில் வேணும்." மாமா கேட்டது. எடுத்தது நான். டேபிள்ல "கழிவு"ன்னு ஏற்கெனவே ஒரு காலம் இருந்துச்சு, எண் போடுற காலம். அதையே வெச்சுக்கிட்டு, ஸ்கிரீன்ல "கிலோ"ங்கறதை எடுத்துட்டு "%" போட்டேன். கணக்குப் போடுற ஒரு வரியை மாத்தினேன். என் லேப்டாப்ல புது என்ட்ரி போட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை கம்ப்யூட்டர்ல அப்டேட் பண்ணிட்டு இஷ்யூவை மூடினேன். கமிட் மெசேஜ்: "ஃபிக்ஸ்". என்ன ஃபிக்ஸ், யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழமை மலையிலிருந்து ஒரு பெரியவர் பாக்கிப் பணம் வாங்க வந்தார். போன வாரம் போட்ட லோடு 2,000 கிலோ. அன்னைக்குக் கழிவு 40 கிலோ. நிகர எடை 1,960 வரணும். ஸ்கிரீன்ல வந்தது 1,200. ஏன்னா என் புது கோடுக்கு 40-னா 40 சதவீதம். 760 கிலோ காணாமப் போச்சு. எரர் வரல, சிவப்புக் கலர்ல எதுவும் வரல. மாமா அந்த எண்ணை அப்படியே சத்தமா வாசிச்சார்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சட்டைப் பையிலிருந்து நாலா மடிச்ச சீட்டை எடுத்து என் முன்னாடி வெச்சார். "தம்பி, இதுல வேற மாதிரி போட்டிருக்கே, பாருங்க." மாமாவோட சொந்தக் கையெழுத்து.

அவர் போன பிறகு மாமா என்னைத் திட்டல. "அந்தச் சீட்டு இல்லன்னா நான் உன் கம்ப்யூட்டரைத்தான்டா நம்பியிருப்பேன்"னு மட்டும் சொன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சரி, பழைய கோடைத் திரும்பப் போட்டா முடிஞ்சதுன்னு நினைச்சேன். முடியல. ஞாயிறுக்கு அப்புறம் போட்டதெல்லாம் சதவீதம். அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் கிலோ. ஞாயிறு அன்னைக்குப் போட்டது? காலையில போட்டது கிலோ, சாயங்காலம் போட்டது சதவீதம். நாங்க தேதி மட்டும்தான் சேமிச்சோம், நேரம் இல்ல. சின்ன லோடுக்கு "3"-னு இருந்தா அது 3 கிலோவா, 3 சதவீதமா? டேட்டாபேஸுக்கும் தெரியாது, மூடின இஷ்யூவுக்கும் தெரியாது. ஒவ்வொருத்தரா சீட்டைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தோம். ரெண்டு பேர் சீட்டைத் தொலைச்சிருந்தாங்க. அவங்களுக்கு எது அதிகமோ அதையே மாமா கொடுத்தார். வித்தியாசம் அவர் கைக்காசு.

இப்போ விஷயத்துக்கு வரேன். "ஆல்டர் டேபிள்" அடிச்சாத்தான் ஸ்கீமா மாறுதுன்னு நினைச்சிருந்தேன். ஒரு காலத்தோட அர்த்தம் மாறினாலும் அது ஸ்கீமா மாற்றம்தான். இன்னும் ஆபத்து, ஏன்னா டேட்டாபேஸ் எதிர்ப்பே காட்டாது. கோடுக்கு கிட் இருக்கு, பழைய நிலைக்குப் போயிடலாம். உள்ளே இருக்கிற டேட்டாவுக்கு அப்படி ஒரு பின்வாசல் கிடையாது.

இந்தப் பிரச்சினை புதுசு இல்ல. மார்ட்டின் ஃபௌலரும் பிரமோத் சாதலகேயும் 2003-லயே இதைப் பத்தி எழுதியிருக்காங்க. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு சின்ன மைக்ரேஷன் ஃபைலா எழுதி, கோடு கூடவே வெர்ஷன் கன்ட்ரோல்ல வைங்கறதுதான் சாரம். ஃப்ளைவே, லிக்விபேஸ் மாதிரி டூல்கள் அதைத்தான் செய்யுது. எந்த ஃபைல் எப்போ ஓடிச்சுன்னு அந்த டேட்டாபேஸுக்குள்ளயே ஒரு டேபிள்ல ஃப்ளைவே எழுதி வெச்சுக்கும். ஓடி முடிஞ்ச ஃபைலை நீங்க அப்புறம் திருத்தினா, செக்சம் ஒத்துப்போகலன்னு நிறுத்திடும்.

நிலத்துல நம்ம ஊர்ல இதைத்தானே பண்றாங்க! 45/2-ங்கற நிலத்தை ரெண்டு பிள்ளைங்க பிரிச்சா 45/2ஏ, 45/2பி-னு உட்பிரிவு வரும். பழைய எண்ணை அழிச்சுட்டு அதே எண்ணை வேற நிலத்துக்குக் கொடுக்க மாட்டாங்க. மாவட்டம் பிரிஞ்சாலும் அரசாணை இருக்கும்: எந்தத் தேதியிலிருந்து, எது எதுவா மாறுது. அதனாலதான் தாத்தா பத்திரம் இன்னைக்கும் செல்லும். நான் இங்கிலீஷ் மீடியம், பத்திரத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அதுல எது எப்போ மாறுச்சுன்னு புரியுது. என் சொந்த கமிட் மெசேஜ்தான் எனக்கே புரியல.

இப்போ எங்க டீம் செய்றது இதுதான். நீங்களும் எடுத்துக்கலாம்.

டேபிளைத் தொடுற ஒவ்வொரு இஷ்யூவுலயும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதணும்: "பழைய வரிகளுக்கு என்ன ஆகும்?" பதில் இல்லன்னா கோடு எழுதக் கூடாது. அந்த ஒரு கேள்வி இஷ்யூ 23-ல இருந்திருந்தா இந்தக் கட்டுரையே வந்திருக்காது.

மைக்ரேஷன் ஃபைல் பேர்ல இஷ்யூ எண் இருக்கணும். ஆனா அதையே வெர்ஷன் எண்ணா வைக்காதீங்க. 23 முடிஞ்ச பிறகுதான் 19 முடியும்னு வைங்க; 23 ஓடின டேட்டாபேஸ்ல 19-ஐ ஃப்ளைவே சாதாரணமா ஓட்டாது. வெர்ஷன் தனி வரிசை, இஷ்யூ எண் பேருக்குள்ள.

அர்த்தம் மாறினா புதுக் காலம். இப்போ "கழிவு_சதவீதம்" தனியா இருக்கு. பெரியவரோட 40 கிலோ அதுல 2 ஆச்சு. பழைய "கழிவு" காலம் இன்னும் அப்படியே இருக்கு, இந்த சீசன் முடிஞ்சாத்தான் எடுப்போம். பேசி முடிச்ச நிகர எடையையும் தனியா சேமிக்கிறோம், மறுபடி கணக்குப் போடுறதில்ல.

கடைசியா, என் லேப்டாப்ல ஓடினா இஷ்யூ முடிஞ்சதுன்னு அர்த்தமில்ல. கடை டேட்டாவோட காப்பியில ஓட்டிப் பார்த்து, அப்புறம் கடை டேட்டாபேஸ்ல ஓடினதும்தான் மூடுவோம்.

ஒரு ப்ராஜெக்டுக்கு இவ்வளவு தேவையான்னு என் டீம்லயே ஒருத்தன் கேட்டான். வைவால யாரும் இதைக் கேக்க மாட்டாங்கதான். ஆனா மரவள்ளியை மலையிலிருந்து இறக்கினவருக்கு அது 760 கிலோ.

அந்தப் பெரியவர் போன வாரம் மறுபடி லோடு போட்டார். இப்போ எங்க ஆப்பே சீட்டு பிரிண்ட் பண்ணுது, கழிவு பக்கத்துல "%"-னு தெளிவா போட்டு. அவர் அதை வாங்கி நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். பத்திரமா வெச்சுக்கங்க ஐயான்னு சொல்ல வாயெடுத்தேன். அவருக்கா அதைச் சொல்லணும்?