முதுகுப் பையோடு வந்த விருந்தாளி

எங்கள் காட்டுப்பாக்கம் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது புதிதல்ல. மாங்காடு காமாட்சியையும் திருவேற்காடு கருமாரியையும் தரிசிக்க வரும் உறவினர்கள் இங்கே ஒரு வேளையாவது சாப்பிடாமல் போகமாட்டார்கள். ஆனால் போன பங்குனியில் வந்தவள் வேறு ரகம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்குத் தோழி. நெதர்லாந்துக்காரி. வயது 24. அந்தமானுக்குப் போகிற வழியில் சென்னையில் இரண்டு நாள் தங்கல். "பார்த்துக்கோம்மா" என்று மகள் போனில் சொல்லிவிட்டாள்.

அவள் உயரத்தில் பாதி இருந்தது முதுகுப் பை. அதற்குள்ளேதான் மூன்று மாதக் குடித்தனம்! சீக்கிரம் காயும் உடுப்பு இரண்டு மூன்று, ஒரு துண்டு, டார்ச், கொசுவலை, ஒரு புத்தகம். என் மாமியார் மோவாயில் கை வைத்துக் கொண்டார். "ஏம்மா, இந்தப் பொண்ணுக்கு அம்மா அப்பா இல்லியா? இப்படி மூட்டையைத் தூக்கிக்கிட்டுத் தனியா சுத்துதே!"

வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அரசுக்குத் தகவல் தர வேண்டும். என் கணவர் முதல் வேலையாக அதை முடித்தார். சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது வந்தால் இதை மறந்துவிடாதீர்கள்.

முதல் நாள் மயிலாப்பூர் கபாலி கோயில், சாந்தோம் தேவாலயம், மெரினா எல்லாம் நடந்தே பார்த்துவிட்டு வந்தாள். மாலையில் மாங்காட்டுக்கு அழைத்துப் போனேன். ஈசனை அடைய அம்பிகை அக்கினி நடுவே ஒற்றைக் காலில் தவம் செய்த கதையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். "தனியாகவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் சந்நிதியையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாளும் உச்சி வெயிலில் அலைச்சல். நம் ஊர் வெயிலின் சூட்சுமம் அவளுக்குப் புதிது. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். கடற்கரை ஊரில் காற்றே ஈரமாயிருப்பதால் வியர்வை காயாமல் வழிந்து கொண்டேயிருக்கும். நீரும் உப்பும் போகும், உடம்பு மட்டும் குளிராது. குளிர் தேசத்து உடம்பு இதற்குப் பழக ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும்.

அன்று இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தது வாந்தியும் பேதியும். பத்து மணிக்குள் ஏழெட்டு தடவை. கண் உள்ளே போய், உதடு உலர்ந்து, துணியாய்த் துவண்டு கிடந்தாள். விடிகாலையில் போர்ட் பிளேருக்கு விமானம். (2024 முதல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) "டிக்கெட் பணம் போய்விடும், நான் போயே ஆகணும்" என்கிறாள். எழுந்து நிற்கவே முடியவில்லை!

எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் செய்தேன். "ஓ.ஆர்.எஸ். கொடுங்க. நடுராத்திரிக்குள்ள சிறுநீர் போகலைன்னா உடனே அழைச்சுட்டு வாங்க" என்றார். வாந்தி எடுத்ததும் பத்து நிமிஷம் பொறுத்து, பிறகு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். மடக்கென்று குடித்தால் அப்படியே திரும்பி வந்துவிடும்.

இந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரின் மகிமை சாதாரணமானதல்ல. 1971-ல் வங்காள அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதைத்தான் டிரம்மில் கலக்கி வைத்து உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 100-க்கு 30 என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

பதினொரு மணிக்கு அவள் அம்மா வீடியோவில் வந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் அதிகம் வராது, எனக்கு அவள் பாஷை தெரியாது. அழுது கொண்டிருந்தாள். நான் டம்ளரைத் தூக்கிக் காட்டி, ஒரு ஸ்பூன் ஊட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். போனை அணைக்காமல் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது பெண் எழுந்து பாத்ரூம் போனாள். சிறுநீர் போயிற்று என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விமானத்தை மறுநாளைக்கு மாற்றினோம். காலையில் மாமியார் நொய்க் கஞ்சியில் உப்புப் போட்டு மோர் விட்டுக் கொண்டு வந்தார். "குடி கண்ணு. டிக்கெட் போனா போகுது, உடம்பைப் பாரு."

இளம் தாய்மார்கள் குறித்துக் கொள்ளுங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. கண்ணீரை விட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். குழந்தைக்குத் துத்தநாக மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மலத்தில் ரத்தம், அதிக ஜுரம், அசதித் தூக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் போதாது, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடையில் பாக்கெட் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்தது என்று இருக்கிறதா பாருங்கள். அந்தச் சூத்திரத்தில் இல்லாத இனிப்புப் பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாதென 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது.

இப்போது என் மகளும் தோழியைப் போலப் பையை மாட்டிக்கொண்டு வியட்நாம் போகிறேன் என்கிறாள். மாமியாரைத்தான் முதலில் பார்த்தேன். "போகட்டுமே! அந்த ஊர்லயும் ஒரு அம்மா இருப்பா" என்றார். நான் பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிப் பையின் மேல் அறையில், கை போட்டதும் கிடைக்கிற மாதிரி வைத்திருக்கிறேன்.