மாசம் 16 குடம்

உங்க வீட்டு டாய்லெட்ல ஃப்ளஷ் டேங்குக்கு அடியில ஒரு மக்கோ, பழைய பெயிண்ட் டப்பாவோ இருக்கா? இருந்தா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லைன்னாலும் படிங்க, ஒருநாள் தேவைப்படும்.

எங்க வீடு சங்கரன்கோவில்ல. ஆடித்தபசுக்கு வந்திருப்பீங்க, இல்லைன்னா பூ மார்க்கெட் பத்தியாவது கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க தெருவுல குழாய்த் தண்ணி தினமும் வராது. வர்ற அன்னிக்கு வீட்டுல இருக்கிற அத்தனை குடமும் நிறையும். மத்ததுக்கெல்லாம் போர் தண்ணி. அது உப்பு. குழாய் மூட்டுல எல்லாம் வெள்ளையா படிஞ்சு கிடக்கும்.

போன செமஸ்டர் லீவுல போனப்ப ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணி கொண்டுபோற கனெக்‌ஷன் பைப் சொட்டிக்கிட்டே இருந்துச்சு. அம்மா அடியில மக் வெச்சிருந்தாங்க. நிறைஞ்சா ஊத்திட்டு மறுபடி வைக்கணும். ராத்திரி யாரு வைப்பா? விடியக்காலம் தரை முழுக்க ஈரம். ஆச்சிக்கு 78 வயசு, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிப்பாங்க. தரை டைல்ஸ். தண்ணி வீணாப் போறதைவிட எனக்கு அந்த டைல்ஸ்தான் பயம்.

நான் ஸ்பேனரை எடுத்ததும் அம்மா ஆரம்பிச்சாங்க. "ஏல, ஒன்ன எஞ்சினியருக்குப் படிக்க வெச்சது கக்கூஸ்ல கை வைக்கவா? ஆளு வருவாரு, விடு." வர்றேன்னு சொன்ன ஆள் வந்து சேரல, மூணு வாரம் ஆச்சு. அவரைச் சொல்லியும் குத்தமில்ல. ஒரு வாஷருக்காக வந்தா பெட்ரோல் காசுகூட கட்டாது.

ஆனா ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. ஃப்ளஷ் டேங்குல இருக்கிறது மொட்டை மாடி டேங்குல இருந்து இறங்குற தண்ணி. கிச்சன் சிங்க்ல வர்ற அதே தண்ணி. கோப்பைக்குள்ள விழுந்த பிறகுதான் அது அழுக்கு. அந்தக் கோப்பையைத் தினமும் தேய்ச்சுக் கழுவுறது யாரு? அம்மா. அதுக்கு வீட்டுல யாரும் முகம் சுளிச்சதில்ல. கோப்பைக்கு மேல, சுத்தமான தண்ணி வர்ற பைப்பை நான் தொட்டாத்தான் படிப்புக்குக் கேவலம்.

இதைச் சொல்லி அம்மாகிட்ட வாதாட முடியாது. அதனால அளந்தேன். ஒரு லிட்டர் மக் நிறைய 3 மணி நேரம் ஆச்சு. அப்படின்னா நாளைக்கு 8 லிட்டர், மாசத்துக்கு 240 லிட்டர். ஆச்சிக்கு லிட்டர் கணக்கு புரியாது. 15 லிட்டர் குடமா மாத்திச் சொன்னேன். மாசம் 16 குடம். தெருக்குழாய்ல வரிசையில நின்னு இடுப்புல சுமந்தவங்க ஆச்சி. "பதினாறு குடமா? ஏ பிள்ள, அவனைச் செய்ய விடு"ன்னு அம்மாவைப் பார்த்துச் சொன்னாங்க. கேஸ் முடிஞ்சுது.

இனி வேலைக்கு வருவோம்.

முதல்ல எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கணும். தண்ணி மேல கசிஞ்சு பைப் வழியா இறங்கி, கீழ ஆங்கிள் வால்வுல சொட்டும். பார்க்கிறவங்க கீழதான் லீக்குன்னு நினைப்பாங்க. எல்லாத்தையும் துணியால துடைச்சுட்டு, ஒவ்வொரு மூட்டுலயும் டிஷ்யூ பேப்பர் சுத்துங்க. எது முதல்ல நனையுதோ அதான் குற்றவாளி. எங்க வீட்டுல மேல் மூட்டு, அதாவது டேங்குக்கு அடியில மிதவை வால்வோட வால்பகுதி வெளிய வர்ற இடம்.

அடுத்து ஆங்கிள் வால்வை மூடுங்க. உப்புப் பிடிச்சு திருகவே வரலைன்னா முரட்டுத்தனம் வேண்டாம், மொட்டை மாடியில டேங்க் வால்வை மூடிடுங்க. ஒரு தடவை ஃப்ளஷ் பண்ணி டேங்கைக் காலி பண்ணுங்க. கீழ பக்கெட் வைங்க. ஒரு கையை டேங்குக்குள்ள விட்டு மிதவை வால்வைப் பிடிச்சுக்கணும், இல்லைன்னா நட்டோட சேர்ந்து அதுவும் சுத்தும். நட்டைக் கீழ இருந்து பார்த்தா இடப்பக்கம் சுத்தினா கழலும். மேல இருந்து குனிஞ்சு பார்த்தா இதுவே தலைகீழாத் தெரியும், கவனம்.

கழட்டினா உள்ள ஒரு ரப்பர் வாஷர். எங்களோடது பிளாஸ்டிக் மாதிரி விறைச்சு, ஓரத்துல வெடிச்சிருந்துச்சு. ரொம்ப வருஷம் அமுங்கியே இருந்தா ரப்பருக்குத் திரும்பி விரியுற குணம் போயிடும். மெட்டீரியல்ஸ் பேப்பர்ல "கம்ப்ரஷன் செட்"னு ரெண்டு மார்க்குக்கு எழுதினோமே, அதேதான்.

பழைய வாஷரைக் கையில எடுத்துக்கிட்டே கடைக்குப் போங்க. ஹார்டுவேர் கடை அண்ணாச்சி பார்த்த உடனே, "அரை இஞ்சு கனெக்‌ஷன் வாஷர். ரெண்டா வாங்கிக்கோ தம்பி, இன்னொண்ணும் சீக்கிரம் போயிரும்"னாரு. ரெண்டும் சேர்ந்து ஒரு டீ விலை வரல.

டெஃப்லான் டேப் சுத்தணுமான்னு கேட்பீங்க. டெஃப்லானை 1938-ல ராய் பிளங்கெட் தற்செயலாக் கண்டுபிடிச்சாரு. வாயு தீர்ந்துபோனதா நினைச்ச சிலிண்டர் எடை குறையாம இருக்கேன்னு அறுத்துப் பார்த்தா, உள்ள வழவழன்னு வெள்ளைப் பொடி. அந்த டேப், மரையே தண்ணியை அடைக்க வேண்டிய இடத்துக்கு, அதாவது ஆங்கிள் வால்வு சுவருக்குள்ள போற இடத்துக்குத் தேவை. இங்க அடைக்கிறது வாஷர். மரை வெறுமனே வாஷரை அமுக்கிப் பிடிக்குது, அவ்வளவுதான். மரையில எத்தனை சுத்து டேப் சுத்தினாலும் விறைச்ச வாஷர் ஒழுகத்தான் செய்யும்.

எவ்வளவு இறுக்கணும்? கணக்குப் போடுவோம். மாடி டேங்க் தண்ணி மட்டம் ஃப்ளஷ் டேங்கைவிட 3 மீட்டர் உயரம்னு வெச்சா, அழுத்தம் சுமார் 30 கிலோ பாஸ்கல். அரை இஞ்சு வாய்க்கு விசை 4 நியூட்டன்கூட வராது. அரைக் கிலோ தக்காளியோட எடைகூட இல்ல! அதுக்குப் போய் பல்லைக் கடிச்சு முறுக்கினா பிளாஸ்டிக் நட்டுதான் வெடிக்கும். கையால இறுக்கின பிறகு ஸ்பேனர்ல கால் சுத்து போதும். வால்வை மெதுவாத் திறந்து மறுபடி டிஷ்யூ சுத்துங்க. ஒரு மணி நேரம் கழிச்சும் காஞ்சிருந்தா வேலை முடிஞ்சுது.

என் வேலை அதோட முடியல. அப்பா வெளியூர்ல வேலை பாக்காரு. ஜூன் மாசம் நானும் வேலைக்குக் கிளம்பிடுவேன். அப்புறம் வீட்டுல அம்மாவும் ஆச்சியும்தான். அதனால கீழ் மூட்டுக்கு வாஷர் மாத்தும்போது ஸ்பேனரை அம்மா கையில கொடுத்தேன். "எனக்கெதுக்குல இதெல்லாம்"னு சொல்லிக்கிட்டேதான் கழட்டினாங்க. கடைசி கால் சுத்துல நிறுத்திட்டு, "போதுமா, இன்னும் கொஞ்சம் முறுக்கவா?"ன்னு கேட்டாங்க. போதும்னேன்.

ராத்திரி ஆச்சி எந்திரிச்ச சத்தம் கேட்டுச்சு. லைட் போட்டு, போயிட்டு, செருப்புச் சத்தத்தோட திரும்பி வந்து படுத்துட்டாங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப, உங்க வீட்டு ஃப்ளஷ் டேங்குக்கு அடியில ஒரு தடவை கையை விட்டுத் தடவிப் பாருங்க. ஈரமா இருந்தா ஸ்பேனரை எடுங்க. பக்கத்துல அம்மாவையும் கூப்பிட்டுக்கோங்க.