கொப்புளத்து நீர்

அடுப்படியில் கை சுட்டுக் கொப்புளம் எழுந்தால், உள்ளே தேங்குவதைக் 'கெட்ட நீர்' என்றே நாம் கூறி வந்தோம். ஊசியால் குத்தி வடித்துவிட்டு ஆறுதலும் அடைந்தோம். அந்நீர் எத்தனையோ உயிர்களைக் காக்க வழிகாட்டிற்று என்று அறிந்தபோது வெட்கமுற்றோம்.

1921-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ரியால்டோ திரையரங்கு தீப்பற்றியது. காயமுற்றோரின் கொப்புள நீரை யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் அண்டர்ஹில் சோதித்தார். வெந்த தோலில் பிறக்கும் நஞ்சே உயிரைக் குடிக்கிறது என்று மருத்துவர் பலர் எண்ணிய காலம் அது. அவர் கண்டதோ வேறு. அந்நீர் குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பெரிதும் ஒத்திருந்தது. குருதிநீர் கசிந்து வற்றுவதாலேயே உடல் அதிர்ச்சியுற்று ஒடுங்குகிறது என உணர்ந்தார். இழந்த நீரையும் உப்பையும் உடனே ஈடுசெய்யும் சிகிச்சை அவ்வழியே வளர்ந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அந்நீரின் புரதங்களை அளந்து, கண்ணுக்குப் புலப்படாத புண்ணின் ஆழத்தை அறிய முயல்கின்றனர்.

குருவும் லேவியனும் விலகிச் சென்ற வழியில், சமாரியன் ஒருவனே காயத்தின் அருகே சென்றான். அருகே சென்றவனுக்கே என்ன செய்வதென்பதும் விளங்கிற்று. இனியேனும் கொப்புளத்தை உடையாது விடுவோம். பிறர் புண்ணைக் கண்டு முகம் திருப்பாதும் இருப்போம்.