பகிடிவதையும் காதற் கதைகளும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியின் புத்தகசாலைகளுக்குள் நுழையும் மாணவியரின் கைகள் பரீட்சை வினாத்தாள் தொகுப்புகளுக்கு அடுத்தபடியாக நாடுவது காதல் நாவல்களையே. தமிழகத்திலிருந்து வந்து குவியும் அந்நாவல்களுள் ஒருவகை தனித்து விளங்குகின்றது. கல்லூரியில் முதலாண்டிற் சேர வரும் பெண், அவளைச் சீண்டும் மூத்த மாணவன், சண்டை, கேலி, ஊடல், முடிவிலே மணமாலை. கொட்டாஞ்சேனையில் நாம் அறிந்த குடும்பங்களிடையே இத்தகைய புத்தகம் ஒன்று நாலைந்து வீடு சுற்றி, அட்டை கழன்றுதான் உரியவரிடம் திரும்புகின்றது. வாங்க வசதியில்லாதோர் கைத்தொலைபேசியிற் படிக்கின்றனர்.

இவற்றைக் குப்பை என ஒதுக்கிவிடுதல் எளிது. இலக்கியம் பேசும் நம்மவரிடையே அவ்வாறு ஒதுக்குவது ஒரு கௌரவமாகவுங் கருதப்படுகின்றது. நாம் அதற்கு உடன்படோம். படிப்பவர் யார் என்பதை முதலிற் பார்க்க வேண்டும். துறைமுகத்திற் கூலி வேலை செய்யும் தகப்பனின் மகள் படிக்கிறாள். மட்டக்களப்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து, வெள்ளவத்தைக் குறுக்குத் தெருவொன்றின் வாடகை அறையில் மூவரோடு நால்வராக ஒடுங்கியிருக்கும் பெண் படிக்கிறாள். அவளுடைய கலியாணத்தைச் சாதியும் சாதகமும் சீதனமும் கூடித் தீர்மானிக்கக் காத்திருக்கின்றன. பெண்ணுக்கு விருப்பம் என்று ஒன்று உண்டு, அவள் ஆண்மகனை எதிர்த்துப் பேசலாம், பேசிய பின்பும் அவளை ஒருவன் மதிக்கலாம் என்று சொல்லும் கதை அவளுக்கு ஆறுதல் தருவதில் வியப்பென்ன? ரமணிசந்திரனின் நாவல்களைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விரும்பிப் படித்து வருவதற்கும் இந்த ஏக்கமே காரணமென்பது நமது எண்ணம். அந்த ஏக்கம் பிற்போக்கானது அன்று.

இக்கதைகள் மறைக்கும் உண்மைகள் பல. கதாநாயகி கல்லூரியில் இடம்பெற்றது எவ்வாறு என்பது ஒரே வசனத்தில் முடிந்துவிடும். நம் நாட்டிலோ க.பொ.த. உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரே அரச பல்கலைக்கழகங்களுட் புகுகின்றனர். 1970களில் வந்த தரப்படுத்தல் எத்தனை இளைஞரின் வாழ்வைத் திசைதிருப்பிற்று என்பதை நாம் அறிவோம். தாயின் தாலிக்கொடி அடகுகடைக்குப் போய்த்தான் தனியார் வகுப்புக் கட்டணமாகின்றது. இவையொன்றும் நாவலில் இல்லை. ஆயினும் இதனை நாம் பெருங் குற்றமாகக் கொள்ளவில்லை. களைத்த மனம் சிறிது நேரம் கணக்கை மறக்க விரும்புகிறது; மறக்கட்டும்.

மன்னிக்க முடியாதது ஒன்றுண்டு. அது இக்கதைகளிற் காதல் தொடங்கும் விதம்.

முதல் நாள். வளாகத்து மரத்தடி. மூத்த மாணவர் கூட்டம் புதியவளை மறிக்கின்றது. பாடு என்கிறான் தலைவன், ஆடு என்கிறான், எல்லாருங் கேட்கத் தன்னைக் காதலிப்பதாகச் சொல் என்கிறான். அவள் கண் கலங்குகிறாள், அல்லது கன்னத்தில் அறைகிறாள். கூட்டம் சிரிக்கின்றது, வாசகரும் சிரிக்கின்றனர். அந்த அவமானமே பின்னர் காதலின் முதல் நினைவாக, முதலிரவிலே பேசி மகிழும் வேடிக்கையாக மாறிவிடுகின்றது. நம் நாட்டில் இந்தச் செயலுக்குப் பகிடிவதை என்று பெயர். பகிடியும் வதையும் சேர்ந்த அச்சொல்லிலிருந்து வதையை உருவி எறிந்துவிட்டுப் பகிடியை மட்டும் விற்பதே இந்நாவல்களின் வாணிபம்.

வதையின் வரலாறு நம் கண்முன் கிடக்கின்றது. 1975ஆம் ஆண்டு பேராதனையில் இராமநாதன் விடுதியிலே, பகிடிவதையிலிருந்து தப்புவதற்காக ஒரு மாணவி மாடியிலிருந்து குதித்தார். எஞ்சிய வாழ்நாளை இடுப்புக்குக் கீழ் இயக்கமின்றிக் கழித்து 2002இல் மறைந்தார். 1997இல் அதே பேராதனையில் பொறியியல் பயில வந்த தமிழ் மாணவர் ஒருவர் வதையின் விளைவாகச் சிறுநீரகங்கள் செயலிழந்து மாண்டார். அடுத்த ஆண்டிலேயே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கடுங்காயம் விளைத்தாலோ பாலியல் தொல்லை கொடுத்தாலோ 10 ஆண்டுவரை சிறை. நாவல்கள் பிறக்கும் தமிழகத்திலும் நிலைமை வேறன்று. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவராற் கொல்லப்பட்டார். 1997இல் அங்கும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்னரும் கதை மாறவில்லை.

உயர்தர மாணவருக்குத் தமிழ் கற்பிக்கும் நாம், இவ்விடயத்தை ஒருநாள் வகுப்பிலே எடுத்துப் பேசினோம். ஒரு மாணவி நாவலுக்காக வாதாடினாள்: “அவன் நல்லவன் சேர். கடைசியில மன்னிப்புக் கேக்கிறான்தானே?” பின்வரிசையிலிருந்த மற்றொருத்தி, அதிகம் பேசாதவள், மெல்லச் சொன்னாள்: “அவன் நல்லவன் எண்டு எங்களுக்குத் தெரியும். மரத்தடியில நிக்கிற அவளுக்குத் தெரியாதே.”

விமரிசகர்கள் பல பக்கங்களில் விளக்கக்கூடியதை அப்பெண் இரண்டு வசனத்திற் சொல்லிவிட்டாள். அட்டைப்படத்தைப் பார்க்கும்போதே அவன் கதாநாயகன் என்பது நமக்குத் தெரிந்துவிடுகின்றது, ஆகவே சிரிக்கிறோம். மரத்தடியில் நிற்பவளுக்கு அட்டைப்படம் ஏது? அவளைச் சூழ்ந்து நிற்பவரின் உள்ளத்தில் என்ன இருக்கின்றதென அவளுக்கு எவருஞ் சொல்லவில்லை. அவள் அச்சத்தை அனுபவிக்கிறாள். நாம் நகைச்சுவையை அனுபவிக்கிறோம். இத்தகைய பக்கங்களைப் பத்து வருடம் படித்து வளர்ந்த ஒருத்தி, தானே அந்த மரத்தடியில் நிற்க நேரும்போது, தனது அச்சத்தையே சந்தேகிக்கக்கூடும். “இதுவும் விளையாட்டுத்தானோ, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ?” என்று வாய்மூடி நிற்கக்கூடும். இந்த மௌனத்தைத்தான் நாம் அஞ்சுகிறோம்.

இவ்விடத்து நம் அணியினர்க்கும் ஒரு வார்த்தை. பகிடிவதை வர்க்க பேதத்தை அழிக்கின்றது, பணக்கார வீட்டுப் பிள்ளையின் செருக்கை அடக்கி எல்லாரையும் சமமாக்குகின்றது என்று நமது மொழியிலேயே வாதிடுவோர் உளர். உண்மை நேர்மாறானது. கொழும்பில் வீடும் வாகனமும் உள்ளவன் மாலையில் தன் வீட்டுக்குப் போய்விடுகிறான். விடுதியை விட்டால் வேறு புகலிடமற்ற ஏழை மாணவன் இரவிலும் அகப்பட்டுக்கொள்கிறான். ஓடிப்போக வழியில்லாதவன் மேலேயே அதிகச் சுமை விழும் ஒரு வழக்கத்துக்குச் சமத்துவம் என்று பெயரிடுவது, சமத்துவத்தை இழிவுபடுத்துவதாகும்.

காதலும் நகைச்சுவையும் கலந்த கதை என்றாலே இப்படித்தான் இருக்குமெனச் சிலர் சொல்லலாம். 1598இல் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகமும் படிப்பையும் காதலையும் பற்றிய வேடிக்கைதான். மூன்றாண்டு பெண்வாடையின்றிக் கல்வி பயில்வதென அரசனும் அவன் தோழர் மூவரும் சபதஞ் செய்கின்றனர். பெண்கள் வந்ததும் சபதம் பறக்கின்றது. ஆங்கே நகைப்புக்கு இடமாவோர் அதிகாரமுடைய ஆடவரே. முடிவிலும் உடனே திருமணம் இல்லை. பிறரைக் கேலிசெய்வதில் வல்லவனான பிரௌனை, ஓராண்டு நோயாளரிடையே சென்று அவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு வரும்படி ரோசலின் பணிக்கிறாள். பகிடியின் பெறுமதியைத் தீர்மானிப்பது சொல்பவனின் நா அன்று, கேட்பவரின் செவி என்பதே அவள் புகட்டும் பாடம்.

நமது மண்ணில் இத்தகைய கதைக்குப் பொருளா இல்லை? பள்ளிக்கூடம் முழுவதையும் தமிழிலேயே படித்துமுடித்த கொட்டாஞ்சேனைப் பெண்ணும், சிங்களத்திலேயே படித்துமுடித்த குருநாகல் இளைஞனும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்கின்றனர். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கின்றது. இருவருக்கும் விளங்கவில்லை, விளங்கவில்லை என்பதை ஒருவருக்கொருவர் சொல்லவும் பொதுமொழி போதவில்லை. இதனினும் சிறந்த நகைச்சுவைத் தொடக்கம் எது? இந்நாட்டின் கல்வி வரலாறு முழுவதும் அந்தச் சிரிப்புக்குள் அடங்கிவிடுமே! இதனை எழுத வேண்டியவர்கள் இன்று நமது வகுப்பறைகளில் இருக்கின்றனர்.

ஆகவே ஆசிரிய நண்பர்களே, மேசைக்கடியில் ஒளிக்கப்படும் நாவலைப் பறிக்காதீர்கள். பறித்தால் அது இன்னும் இனிக்கும். நீங்களும் வாங்கிப் படியுங்கள். படித்தபின் அதைப்பற்றிப் பேசுங்கள். மாணவர்களே, சிரியுங்கள், சிரிப்பு உங்கள் உரிமை. சிரிப்பு வரும் ஒவ்வொரு பக்கத்திலும், அந்த மரத்தடியில் நிற்பவள் சிரிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.