கம்பம் சும்மா நிக்கல பாஸ்!

பஸ் ஸ்டாப்பில் கடலை போடும்போது நீங்க ஸ்டைலா சாய்ந்து நிற்கிறீங்களே, அந்த ஈ.பி. கம்பத்தை என்றைக்காவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? முதல்ல சாயறதை நிறுத்துங்க, ஆபத்து. அப்புறம் இதைப் படிங்க. நான் எலெக்ட்ரிகல் மூணாம் வருஷம். எங்க சிலபஸில் எனக்குப் பிடித்த ஹீரோ அந்தக் கம்பம்தான்.

கம்பிகளின் எடை அதுக்கு ஒரு மேட்டரே இல்லை. நிஜ வில்லன்கள் ரெண்டு பேர்: காற்று, இழுவை.

காற்றின் வேகம் ரெண்டு மடங்கானால், தள்ளும் விசை நாலு மடங்காகும். ஒரு சென்டிமீட்டர் தடிமன் கம்பி, கம்பத்துக்குக் கம்பம் 50 மீட்டர் இடைவெளி என்று வையுங்க. மணிக்கு 60 கி.மீ. காற்றில் ஒரு கம்பியைத் தள்ளும் விசை சுமார் எட்டரை கிலோ. 120 கி.மீ.யில் 34 கிலோ. நாலு கம்பிக்கு 136 கிலோ! ரெண்டு ஆள் எடை, உச்சியில் பக்கவாட்டாக இழுக்கிறது. 9 மீட்டர் கம்பத்தில் மண்ணுக்குள் இருப்பதோ ஒன்றரை மீட்டர்தான்.

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எங்க ஊர் அந்தப் பக்கம்தான். எனக்கு அப்போ எட்டாம் வகுப்பு. வாரக்கணக்கில் மெழுகுவர்த்தி. செல்போன் சார்ஜ் போட, ஜெனரேட்டர் வச்சிருந்தவங்க வாசலில் க்யூ. 'எப்படிப்பா வரிசையா விழுந்துச்சு?' என்று அப்பாவிடம் கேட்டேன். பதில் காலேஜில்தான் கிடைத்தது.

வரிசையின் நடுவில் நிற்கும் கம்பத்தை இரண்டு பக்கமும் கம்பிகள் சமமாக இழுக்கும். கணக்கு டேலி. தென்னை விழுந்து ஒரு பக்கக் கம்பி அறுந்தால்? மறுபக்க இழுவை முழுசும் அதன் தலையில். ஊறிய மண் பிடியை விட, அது சாயும். அது சாய, அடுத்ததன் கணக்கும் காலி!

லைன் முடிகிற, திரும்புகிற இடங்களில் எப்பவுமே இழுவை ஒரு பக்கம்தான். அதை எதிர்த்துப் பிடிக்கத்தான் சாய்வாக ஒரு ஸ்டே கம்பி. நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் இருக்குமே, அது மின்சாரம் கீழே இறங்காமல் தடுக்க.

அந்த ஸ்டேயில்தான் நாம ஆடு கட்டறோம், துணி காயப்போடறோம். பைக் நிறுத்த இடைஞ்சல்னு அவிழ்த்தே விடறோம். போதாக்குறைக்கு கம்பத்தில் கேபிள் ஒயர்க் கத்தை வேறு. அது மூணு சென்டிமீட்டர் தடிமன் என்றால், மூணு கம்பி வாங்கும் காற்றை ஒண்ணே வாங்கும்.

புயலுக்கு மறுநாள், 'கரண்ட் எப்போ வரும்?' என்று நாம திட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு லைன்மேன் அதே கம்பத்தில்தான் ஏறுவார். ஸ்டே இல்லாத கம்பத்தில் ஒரு பக்கக் கம்பியை அவர் வெட்டினால், மறுபக்க இழுவை கம்பத்தோடு அவரையும் சாய்த்துவிடும். அவர் வீட்டிலும் எட்டாம் வகுப்புப் பையன் இருக்கலாம்.

அதனால, இன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்க தெருக் கம்பத்தைக் கொஞ்சம் பாருங்க. ஸ்டே தொங்குதா? அடியில் காங்கிரீட் உதிர்ந்து உள்கம்பி தெரியுதா? தொடாதீங்க. ஈ.பி. ஆபீஸுக்கு ஒரு போன் போடுங்க. மேலே ஏறுகிறவர் பத்திரமா கீழே இறங்க அது போதும்!