அம்பூரியில் ஒரு பயறு வகுப்பு

மார்த்தாண்டத்திலிருந்து அருமனை வழியாகப் போனால் பனச்சமூட்டில் கேரள எல்லை. அங்கே சந்தையில் கால் கிலோ பெரும்பயறு 35 ரூபாய்க்கு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வெள்ளறடையில் பஸ் மாறி, பத்து கிலோமீட்டருக்குள் அம்பூரி. வழியெல்லாம் ரப்பர் தோட்டம். ஆகஸ்ட் மாதமென்பதால் காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தம் பஸ் நின்ற இடத்திலெல்லாம் கேட்டது.

நான் தேடிப் போனது ஒரு அங்கன்வாடியை. விதை எப்படி முளைக்கிறது என்பதை மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கையால் செய்யவைத்தே சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்படிக் கேள்விப்பட்டுப் போன வேறு சில இடங்களில் சுவரில் ஒட்டிய படமும், டீச்சரே நட்டுவைத்த தொட்டியும்தான் இருந்தன. அதனால் இங்கே யார் கையில் மண் ஒட்டுகிறது என்று பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், சிரட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் கண் திறந்து, தண்ணீர் வடிய வழி செய்திருந்தார்கள். கஞ்சிக்காக முந்தின நாள் இரவே ஊறப்போட்ட சிறுபயற்றிலிருந்து ஆயா ஒரு பிடி அள்ளித் தர, பிள்ளைகளே மண்ணில் விரலால் குழி போட்டு இட்டார்கள். சிறுபயறு ஒன்றிரண்டு நாளில் வேர் காட்டிவிடும். மிளகாய் விதை என்றால் ஒரு வாரத்துக்கு மேலாகும், அதுவரை மூன்று வயதுக்குப் பொறுமை இருக்காது. விதைத்துவிட்டுக் காத்திருப்பதையே ஒரு பாடமாக எழுதியவர் மரியா மாண்டிசோரி. 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆனால் காத்திருப்பின் நீளத்தைப் பிள்ளையின் வயது பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

தனியாக ஒரு சிரட்டையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அதில் போட்டது வேகவைத்த பயறு. மண்ணைக் கிளறி ஒரு சிறுமி மோந்து பார்த்து, “நாறுது” என்று முகத்தைச் சுளித்தாள். முன்பே விதைத்திருந்த பக்கத்துச் சிரட்டையில் பச்சைக் கொக்கிகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. வெந்த விதை செத்த விதை என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நான் அதிக நேரம் நின்றது பாட்டிலுக்கு முன்னால். வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் ஈரச் செய்தித்தாளைச் சுற்றி, அதற்கும் பாட்டில் சுவருக்கும் நடுவே பயறு சொருகியிருந்தார்கள். மண்ணே இல்லை. முளைப்பதற்கு ஈரமும் காற்றும் கதகதப்பும் போதும். முந்தின நாள் பாட்டிலைப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். வேர் அதுவரை போன திசையை விட்டுவிட்டு, முழங்கை மடங்கியதுபோல் வளைந்து தரையை நோக்கித் திரும்பியிருந்தது. வேர் நுனியில் இருக்கும் மாவுத் துகள்கள் கனத்தால் கீழ்ப்பக்கம் படிய, அதைக்கொண்டுதான் வேர் கீழ் எது என்று அறிகிறது. பிள்ளைகளுக்கு இந்தக் காரணம் இப்போது வேண்டாம். திரும்பியிருப்பதைப் பார்த்தாலே போதும்.

அப்போது ஒரு புகார் வந்தது. “டீச்சர், இவன் தோண்டுறான்!”

“தோண்டட்டும் மக்களே, பாத்துட்டு மூடுவான்” என்றார் டீச்சர். ஒரு சிரட்டைக்கு ஐந்து விதையாம். நாலு தோண்டிப் பார்க்க, ஒன்று வளர.

எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்றும் அவர் சொன்னார். நான் பையிலிருந்த பெரும்பயற்றை எடுத்துக் காட்டி, இதிலிருந்து முதலில் வெளியே வருவது எது என்று கேட்டேன். மூன்று பேர் இலை என்றார்கள். தோண்டிக்கொண்டிருந்தவன் மட்டும் “வாலு” என்றான். வேரைத்தான் சொல்கிறான். படம் போட்ட அட்டையில் செடி எப்போதும் இலையோடுதான் நிற்கிறது. மண்ணுக்கடியில் நடப்பதைக் கை போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து புள்ளி போட்ட ரப்பர் விதையை எடுத்தான். டீச்சர் உடனே வாங்கிவைத்துக்கொண்டு கையைக் கழுவச் சொன்னார். அதில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. குன்றிமணியும் ஆமணக்கும் இன்னும் கொடிய விஷம். பயற்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். மூக்கில் போட்டால் ஈரத்தில் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். இங்கே எண்ணித்தான் வாங்கினார்கள், நின்று பார்த்தேன்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், இன்று இரவு அடுக்களைப் பயற்றில் ஒரு பிடி ஊறப்போடுங்கள். நாளை ஒரு சிரட்டை மண்ணும் ஐந்து விதையும் பிள்ளை கையில் கொடுத்துப் பக்கத்தில் இருங்கள். தோண்டினால் மட்டும் திட்டாதீர்கள்.