காம்பு பொறுக்கும் சிப்

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலை பெக்டரிகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தூள் சலிக்கும் அறை. அரைபட்ட கொழுந்து உலர்ந்து வரும்போது கறுத்திருக்கும். காம்பும் நாரும் மட்டும் செம்பழுப்பாகவே நிற்கும். அது கலந்தால் கொழும்பு ஏலத்தில் விலை இறங்கும். முன்பு அதைப் பொறுக்கியவர்கள் நம் பெண்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். பொன்னிறமான மொட்டுத் துணுக்கும் காம்பும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மொட்டை விட்டுவிட்டுக் காம்பை மட்டும் எடுப்பது லேசான கல்வியல்ல.

இன்று பல பெக்டரிகளில் அந்த வேலையைக் கலர் சோர்ட்டர் செய்கிறது. தூள் சரிவில் வழுக்கி விழும், கமரா பார்க்கும், காம்பு தெரிந்தால் சின்னக் காற்றுத் துளை அதை ஊதித் தள்ளும். அரை மீற்றர் விழுந்த துணுக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வேகம் எடுத்திருக்கும். ஆயிரத்தில் ஒரு செக்கன் பிந்தினாலும் அது 3 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். காம்பு தப்பி, நல்ல தூள் போய்விடும். பல வேலைகளை மாறி மாறிப் பார்க்கும் சாதாரணக் கணினியை இங்கே நம்ப முடியாது. அதனால் இத்தகைய இயந்திரங்கள் பலவற்றில் கமராவுக்கும் காற்றுக்கும் நடுவே எஃப்.பி.ஜி.ஏ. என்ற சிப் இருக்கிறது.

உள்ளே எது எதோடு இணைய வேண்டும் என்பதை, வாங்கியவரே பிறகு தீர்மானிக்கும் சிப் இது. ஸைலிங்ஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட முதல் சிப்பில் 64 தருக்கக் கட்டங்களே இருந்தன. அதே நிறுவனத்தின் ஆர்ட்டிக்ஸ்-7 வரிசையில், சிறிய ரகமான 35டி சிப்பிலேயே 20,800 தேடல் அட்டவணைகள் உண்டு. தேடல் அட்டவணை என்றால் என்ன? நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பா? வெளிறியதா? நீளமா? பக்கத்துப் புள்ளியும் அப்படித்தானா? ஆம், இல்லை என்று பதில்கள் 16 விதமாக அமையலாம். ஒவ்வொன்றுக்கும் நேராக ‘ஊது’ அல்லது ‘விடு’ என்று எழுதிவைத்தால் ஓர் அட்டவணை தயார். (ஆர்ட்டிக்ஸில் ஆறு கேள்விகள், 64 பதில்கள்.) இப்படி ஆயிரக்கணக்கானவை ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒரே நேரத்தில் இயங்கும். கரண்ட் போனால் பெரும்பாலான சிப்களில் எழுதியது அழிந்துவிடும். மீண்டும் வந்ததும் பக்கத்து நினைவகத்திலிருந்து ஏற்றிக்கொள்ளும். இணைப்பை மாற்றி எழுதினால் அதே சிப் வேறு வேலைக்குப் போகும். தொலைபேசிக் கோபுரங்களிலும் ஸ்கேன் கருவிகளிலும் இருப்பதும் இதே இனம்தான்.

அந்தப் பதில்களை அம்மாவின் விரல்கள் எப்போதோ அறிந்திருந்தன. ஆனால் இயந்திரத்துக்குள் அவற்றை எழுதுகிறவர்கள் தேயிலை மலையைப் பார்த்திராத பொறியியலாளர்களாகவும் இருக்கலாம். நம் பிள்ளைகளும் அதை எழுத வேண்டும் என்பது என் ஆசை. எட்டாத ஆசையும் அல்ல. உயர்தர தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் தருக்கப் படலைகளையும் உண்மை அட்டவணையையும் அவர்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள். தேடல் அட்டவணை அதேதான். டாங் நானோ 9கே என்ற சிறு எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் 8,640 அட்டவணைகள் இருக்கின்றன. இதன் விலை மடிக்கணினி விலையில் சிறு பங்கே. சிப்புக்கான இணைப்பை எழுத உதவும் யோசிஸ் போன்ற மென்பொருள் இலவசம்.

மலையகப் பாடசாலைகளின் பழைய மாணவர்களே, அடுத்த முறை பாடசாலைக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைத்தால் இந்தப் பலகைகள் நான்கைந்தையும் ஒரு கமராவையும் வாங்கிக் கொடுங்கள். முதல் பயிற்சிக்கு ஒரு பிடி தூள் போதும்: காம்பு எது, மொட்டு எது என்று பிள்ளைகள் எழுதட்டும்.